மாநாட்டை எங்கள் வளாகத்துக்குக் கேட்டபோது

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் எல்ஜிபிடி (தன்பால், இருபால் ஈர்ப்பாளர், திருநர்) கல்லூரி மாணவர்களுக்கென ஆண்டுதோறும் ஒரு மாநாடு நடந்து வந்திருக்கிறது. ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து எம்பிஎல்ஜிடிஏசிசி என்று எழுதுகிற, வாயில் எளிதில் நுழையாத பெயர் அதற்கு. 1990களின் தொடக்கத்தில் அயோவா மாநிலத்தில் வேர்விட்ட இந்த மாநாட்டுக்கு நிலையான ஊர் கிடையாது. 2009இல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் புளூமிங்டன் வளாகம், 2010இல் விஸ்கான்சினின் மேடிசன், 2011இல் மிச்சிகனின் ஆன் ஆர்பர், 2012இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கும் ஏம்ஸ் என்று ஆண்டுக்கோர் இடமாக அது நகர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒரு வளாகத்தின் மாணவர்கள் "அடுத்த முறை எங்களிடம் வாருங்கள்" என்று முன்வந்து, விண்ணப்பம் எழுதி, மற்றவர்களை நம்பவைத்தால்தான் அப்போது அது நடக்கும். 2011க்கும் 2013க்கும் இடையில் நான் அப்பகுதியின் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தபோது, அப்படி விண்ணப்பம் எழுதிய குழு ஒன்றில் இருந்தேன். எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு விண்ணப்பம் என்பதைச் சொல்லப்போவதில்லை. அந்தக் குழுவில் இருந்த சிலர் இன்றும் தங்கள் வீட்டில் எதையும் சொல்லாதவர்கள்.

விண்ணப்பம் என்றதும் நாங்கள் முதலில் நினைத்தது பேச்சாளர்களைப் பற்றி. யாரை அழைக்கலாம், கருப்பொருள் என்ன, சுவரொட்டி எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதிலேயே முதல் கூட்டங்கள் கரைந்தன. இவற்றில் எதுவுமே விண்ணப்பத்தின் உயிர் அல்ல என்பதைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்ச்சி ஏற்பாட்டு அலுவலகத்தில் இருந்த ஒரு நடுவயது அம்மையார்தான் எங்களுக்குப் புரியவைத்தார். அரங்குகளின் வரைபடத்தை மேசைமேல் விரித்து, பென்சிலின் பின்முனையால் ஒவ்வோர் அரங்காகத் தொட்டுக்காட்டி, எதில் எத்தனை பேர் அமரலாம், எதன் கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் கேட்டார்: "சரி, ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடப்போகிறார்கள்?" எங்கள் அமைப்பின் தலைவி தானே போடுவதாகச் சொன்னாள். அம்மையார் சிரிக்கவில்லை. மாணவர் அமைப்புக்குச் சட்டத்தின் கண்ணில் தனி ஆளுமை கிடையாது என்றும், பல்கலைக்கழகத்தின் பெயரில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர்கள் அந்த வளாகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான் என்றும், மாணவர் எவரும் அந்தப் பட்டியலில் இல்லை என்றும் விளக்கினார்.

இது ஏன் முக்கியம் என்பதற்குத் தங்கும் விடுதி ஒன்றே போதும். பல மாநிலங்களிலிருந்து மாணவர்கள் வருகிற மாநாட்டுக்கு விடுதிகளில் அறைகளை மொத்தமாக ஒதுக்கிவைக்க வேண்டும். விடுதிக்காரர் அறைகளைச் சும்மா பிடித்து வைப்பதில்லை. ஒதுக்கியதில் குறிப்பிட்ட பங்குக்குக் குறைவாக நிரம்பினால் வெறுமையாகக் கிடந்த அறைகளுக்கும் ஏற்பாட்டாளரே பணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கும். எங்கள் காலத்தில் மாநாடு நடந்ததோ பிப்ரவரியில். அந்த மாதத்தில் மத்திய மேற்கில் ஒரு பனிப்புயல் வந்தால் நெடுஞ்சாலையை மூடிவிடுவார்கள். வேன் வாடகைக்கு எடுத்து எட்டு மணி நேரம் ஓட்டிவர வேண்டிய மாணவர்கள் தங்கள் ஊரிலேயே நின்றுவிடுவார்கள். வராத அவர்களின் அறைக்கான பணமோ வந்தே தீர வேண்டும். பதிவுக் கட்டணம் பெரும்பாலும் கடைசி வாரங்களில்தான் வந்து சேரும் என்பதால், முன்பணம் கட்டும் நாளுக்கும் வரவு வரும் நாளுக்கும் நடுவே பல மாதங்கள் யாரோ ஒருவர் தோள்கொடுக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் யார் என்பதுதான் விண்ணப்பத்தின் உண்மையான கேள்வி. மற்ற பக்கங்கள் எல்லாம் அலங்காரம் என்று சொன்னால் எங்கள் சுவரொட்டிக் குழு இன்றும் கோபித்துக்கொள்ளும். ஆனாலும் அதுதான் உண்மை.

பல்கலைக்கழக நிர்வாகத்திடமிருந்து ஆதரவுக் கடிதம் வாங்குவது கடினமாக இருக்கவில்லை. மாணவர் நலத்துக்குப் பொறுப்பான துணைத்தலைவர் ஒரே வாரத்தில் கடிதம் தந்தார். பன்மைத்துவம் எங்கள் உயிர்மூச்சு, இம்மாநாட்டை வரவேற்பதில் பெருமை கொள்கிறோம் என்று வாசிக்கும்போதே நெஞ்சு நிறைந்தது. இரண்டாம் முறை வாசித்தபோதுதான் அதில் ஒரு தொகையோ, ஒரு தேதியோ, "செய்வோம்" என்ற ஒரு வினையோ இல்லை என்பது தெரிந்தது. பற்றாக்குறை நேர்ந்தால் இன்ன தொகை வரை பல்கலைக்கழகம் ஏற்கும் என்று ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்துத் தரக் கேட்டோம். அந்த ஒரு வாக்கியத்துக்காகக் கடிதம் நிதி அலுவலகத்துக்குப் போனது, சட்ட ஆலோசகரிடம் போனது, விடுமுறைக்காகக் காத்திருந்தது. திரும்பி வந்தபோது பெருமையும் உயிர்மூச்சும் அப்படியே இருந்தன, கேட்ட வாக்கியம் மட்டும் இல்லை. அதற்காக நிர்வாகம் எங்களுக்குப் பகையாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். எழுதித் தந்துவிட்டால் பிறகு எழுதியதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதை அவர்கள் எங்களைவிட நன்றாக அறிந்திருந்தார்கள்.

மாநாட்டுக்கான பணத்தில் ஒரு பங்கு, எல்லா மாணவரிடமும் பருவந்தோறும் வசூலிக்கப்படும் மாணவர் செயற்பாட்டுக் கட்டணத்திலிருந்து வர வேண்டியிருந்தது. இந்தக் கட்டணத்துக்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கே இருக்கிறது. மேடிசனில் சட்டம் படித்த ஸ்காட் சவுத்வொர்த்தும் அவருடைய நண்பர்களும், தாங்கள் ஏற்காத கொள்கையுடைய அமைப்புகளுக்குத் தங்கள் கட்டணம் போகக்கூடாது என்று விஸ்கான்சின் பல்கலைக்கழக நிர்வாகக் குழுமத்தின்மேல் வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் ஆட்சேபித்த அமைப்புகளில் வளாகத்தின் தன்பால் ஈர்ப்பாளர் அமைப்பும் அடக்கம். 2000 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கருத்துச் சார்பு பார்க்காமல் பணம் பகிரப்படும்வரை கட்டாயக் கட்டணம் செல்லும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மேடிசன் வளாகம் இந்த மாநாட்டை நடத்தியது அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து. எங்கள் மாணவர் பேரவையின் நிதிக் குழுக் கூட்டத்தில் ஒருவர், இது எல்லாருக்குமான நிகழ்ச்சி அல்லவே என்று இழுத்தபோது, குழுவின் தலைவர் அந்தத் தீர்ப்பின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அவர் எங்களுக்கு ஆதரவாளரும் அல்லர். விதியை வாசித்தவர், அவ்வளவுதான். அந்தப் பேரவை தந்த தொகை சிறியது. ஆனால் எங்கள் கோப்பில் எண்ணும் கையெழுத்தும் ஒரே தாளில் இருந்த முதல் ஆவணம் அதுதான்.

கழிப்பறைகளைப் பற்றி எழுதாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது. ஆண், பெண் என்று பிரிக்கப்படாத, ஒருவர் மட்டும் உள்ளே சென்று தாழிட்டுக்கொள்ளும் கழிப்பறைகள் எங்கே இருக்கின்றன என்று விண்ணப்பத்தில் வரைபடத்தோடு காட்ட வேண்டும் என்று முடிவெடுத்தோம். வளாகத்தில் அப்படியொரு பட்டியலே கிடையாது. இருவர் இருவராகப் பிரிந்து கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கிக் குறித்தோம். பெரிய அரங்குகள் இருந்த கட்டடத்தில் ஒன்றுகூட இல்லை. அடுத்த கட்டடத்தின் நிலவறையில், துப்புரவுப் பொருள்கள் அடுக்கிய அறைக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது. அப்படியானால் மாநாட்டு நாள்களில் மட்டும் பெரிய கழிப்பறைகளின் கதவில் வேறு அறிவிப்பு ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டோம். ஒரு தாளைக் கதவில் ஒட்டுவதற்குக் கட்டடப் பராமரிப்புத் துறை, தீயணைப்புப் பாதுகாப்பு, சட்ட ஆலோசகர் என்று மூன்று ஒப்புதல்கள் வேண்டியிருந்தன. எங்கள் குழுவில் இருந்த திருநம்பி ஒருவர், தாம் நான்கு ஆண்டுகளாக அந்தக் கட்டடத்தில் வகுப்புக்கு வந்துகொண்டிருப்பதாகவும், அந்த நிலவறைக் கழிப்பறையைத் தாமே கண்டுபிடித்ததாகவும், இப்போதுதான் அது வரைபடத்தில் ஏறுகிறது என்றும் சொன்னார். நாங்கள் தயாரித்த அந்த வரைபடத்தைப் பல்கலைக்கழகம் பின்னர் தன் புதிய மாணவர் கையேட்டில் சேர்த்துக்கொண்டது. மாநாட்டின் பேரைச் சொல்லிக் கேட்டதால்தான் அது நடந்தது. ஒரு தனி மாணவர் தன் தேவைக்காகக் கேட்டிருந்தால் யாரும் அசைந்திருக்க மாட்டார்கள்.

பெயர்களும் இதே போன்ற சிக்கல்தான். பதிவுக் கட்டணத்தைப் பல்கலைக்கழகக் கணக்கின் வழியாகக் கட்டினால், அந்தக் கணக்கின் ரசீது வீட்டில் பணம் கட்டும் பெற்றோரின் கண்ணிலும் படலாம். ஆகவே ரசீதில் மாநாட்டின் பெயர் எப்படி அச்சாகும் என்று கேட்டு எழுதிவைத்தோம். கழுத்தில் மாட்டும் அட்டையில் சான்றிதழ்ப் பெயருக்குப் பதிலாக அவரவர் விரும்பும் பெயரே இருக்க வேண்டும். படம் எடுக்கப்படுவதை விரும்பாதவர்களுக்கு வேறு நிற நாடா தர வேண்டும். எங்கள் பெயர்களுக்கே இந்தக் கவலை வந்தது. குழுவில் என்னைத் தவிர இன்னொரு தமிழ்ப் பெண்ணும் இருந்தாள். இளநிலை மாணவி, திருநெல்வேலிப் பக்கம். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் அமைப்பாளர் பட்டியல் தட்டச்சானபோது என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, "அக்கா, என் பேரும் போடணுமா? அரசுக் காலேஜ் பேப்பர்னா யாரு வேணாலும் கேட்டு வாங்கிப் பாக்கலாமாமே. ஊர்ல சித்தப்பா தேடிப் பாத்துட்டாங்கன்னா?" என்று கேட்டாள். அவள் சொன்னது சரிதான். அரசுப் பல்கலைக்கழகத்தின் ஆவணங்கள் தகவல் உரிமைச் சட்டங்களுக்கு உட்பட்டவை. டெல்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலையில் தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் தளர்த்தியிருந்த காலம் அது. 2013 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திருப்பிப்போடும் என்றும், அந்தப் பிரிவு மறுபடி தளர 2018 செப்டம்பர்வரை காத்திருக்க நேரும் என்றும் அப்போது எங்களுக்குத் தெரியாது. அவள் பெயரை நீக்கினோம். விண்ணப்பத்தின் வரவு செலவுப் பக்கம் முழுக்க அவள் போட்ட கணக்கு.

நிர்வாகங்கள் எழுத்தில் எதையும் தரத் தயங்கும் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆன் ஆர்பரில் 2011இல் நடந்த மாநாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள், அதே வளாகம் 1970இல் என்ன செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவ்வூரின் தன்பால் ஈர்ப்பாளர் உரிமை இயக்கமான கே விடுதலை முன்னணி அப்போது வளாகத்தில் ஒரு மாநாடு நடத்த இடம் கேட்டது. பல்கலைக்கழகத் தலைவர் ராபன் ஃப்ளெமிங் மறுத்துவிட்டார். அந்த இயக்கத்தவர்களுள் ஒருவர் ஜிம் டாய். அதே 1970 ஏப்ரலில் டெட்ராய்ட்டில் நடந்த வியட்நாம் போர் எதிர்ப்புக் கூட்டத்தில் தாம் ஒரு தன்பால் ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகப் பேசியவர் அவர். மறு ஆண்டே, 1971இல், மாணவர் வற்புறுத்தலால் பல்கலைக்கழகம் தன்பால் ஈர்ப்பாளர்களுக்கென ஓர் அலுவலகம் திறந்து, அவரையும் சிண்டி கேரையும் பகுதிநேர ஊழியர்களாக அமர்த்தியது. அமெரிக்கக் கல்லூரிகளில் இவ்வகையில் முதல் அலுவலகம் அதுவே என்பார்கள். மறுக்கப்பட்ட ஒரு மாநாடு அடுத்த ஆண்டில் ஓர் அலுவலகமாக வந்து சேர்ந்தது என்று சொன்னால் காரண காரியத்தை மிகவும் எளிமைப்படுத்தியதாகிவிடும். ஆனால் நிர்வாகத்திடம் ஒரு பெரிய காரியத்தைக் கேட்டு, அது மறுத்ததைப் பதிவாக்கிவிட்டால், அடுத்த கேள்வியைத் தட்டிக்கழிப்பது அதற்குக் கடினமாகிறது என்பதை எங்கள் கழிப்பறை வரைபடத்திலும் கண்டேன்.

எழுத்திலேயே தடை இருந்த இடம் அலபாமா. எங்கள் பகுதி அல்ல, எங்கள் மாநாடும் அல்ல. ஆனால் விண்ணப்பம் எழுதும் எந்த மாணவருக்கும் நான் முதலில் சொல்லும் கதை இதுதான். அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஒரு தன்பால் ஈர்ப்பாளர் மாணவர் அமைப்புக்கு 1991இல் மாணவர் பேரவை அங்கீகாரம் மறுத்தது, நிர்வாகம் அதை மீறி வழங்கியது. கொதித்துப்போன மாநிலச் சட்டமன்றம் 1992இல் ஒரு சட்டம் இயற்றியது. மாநிலத்தின் பாலுறவுக் குற்றச் சட்டங்கள் தடுக்கும் வாழ்க்கைமுறையை வளர்க்கும் எந்த அமைப்புக்கும் அரசுக் கல்லூரிகள் பணமோ இடமோ அங்கீகாரமோ தரக்கூடாது என்றது அது. மொபீல் நகரில் உள்ள தெற்கு அலபாமா பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அது முடிவதற்குள், தென்கிழக்கு மாநிலங்களின் எல்ஜிபி கல்லூரி மாணவர்களுக்கான ஐந்தாம் ஆண்டு மாநாட்டை 1996 பிப்ரவரியில் டஸ்கலூசாவில், அலபாமா பல்கலைக்கழக வளாகத்தில் நடத்துவதென்று அங்குள்ள மாணவர்கள் ஏற்பாடு செய்துவிட்டார்கள். நடத்துவதே சட்டவிரோதம் என்று ஏட்டில் எழுதியிருந்த மாநிலத்தில், அந்த ஏடு கிழியுமா என்று தெரியாத நிலையில், தேதி குறித்தார்கள்.

1996 ஜனவரி 30 அன்று கூட்டாட்சி நீதிபதி மைரன் தாம்சன் அந்தச் சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். அவர் பெரிதும் ஊன்றிய முன்தீர்ப்பு எது என்பதில்தான் எனக்கு ஒரு தனிச் சுவை. வர்ஜீனியா பல்கலைக்கழகம் ஒரு கிறிஸ்தவ மாணவர் இதழுக்கு அச்சுச் செலவு தர மறுத்தபோது, கருத்தைக் காரணம் காட்டி மறுக்கக்கூடாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு அது. கிறிஸ்தவ மாணவர்கள் வென்றெடுத்த உரிமையின் நிழலில் தன்பால் ஈர்ப்பாளர் மாணவர்கள் மாநாடு நடத்தினார்கள். மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் அத்தோடு விடவில்லை. அந்த ஆண்டு செனட் தேர்தலில் நின்றுகொண்டிருந்த அவர், வளாகத்தில் மாநாடு நடப்பதைத் தடுக்க மீண்டும் நீதிமன்றத்தை நாடினார், பலிக்கவில்லை. பின்னாளில் நாட்டின் தலைமை வழக்கறிஞரே ஆன ஜெஃப் செஷன்ஸ்தான் அவர். மாநாடு திட்டமிட்டபடி நடந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1997இல் தாம்சனின் தீர்ப்பை உறுதிசெய்தது. அந்த வாரங்களில் டஸ்கலூசாவின் மாணவர்கள் பதிவுக் கட்டணத்தைத் திருப்பித் தருவதா வேண்டாமா என்று எப்படித் தவித்திருப்பார்கள் என்பதை, விடுதி ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்த எனக்குக் கற்பனை செய்ய முடிகிறது.

எங்கே நடத்துவது என்று தேர்ந்தெடுப்பவர்களிடையே எப்போதும் ஒரு வாதம் உண்டு: சட்டம் அணைத்துக்கொள்ளும் மாநிலத்துக்குப் போவதா, உதறும் மாநிலத்துக்கா? ஏம்ஸ் 2012இல் மாநாட்டை நடத்தியபோது மத்திய மேற்கிலேயே தன்பால் திருமணம் செல்லுபடியான ஒரே மாநிலம் அயோவா. மாநில உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரலில் ஒருமனதாகத் தந்த தீர்ப்பால் வந்தது அது. ஆனால் 2010 நவம்பரில் அந்த நீதிபதிகளில் மூவரை மக்கள் வாக்களித்து வீட்டுக்கு அனுப்பியும்விட்டார்கள். மாநிலத்தின் முகம் ஒரே ஆண்டில் மாறக்கூடியது என்பதற்கு இண்டியானாவும் சாட்சி. சமய உரிமைச் சட்டம் என்ற பெயரில் அங்கே 2015 மார்ச்சில் வந்த சட்டத்தால் நாடே அந்த மாநிலத்தைப் புறக்கணிக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு மாநாடு அதே மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகத்தில் நடந்தது. கலிஃபோர்னியா இதில் இன்னொரு முடிச்சைப் போட்டது. எல்ஜிபிடி மக்களுக்கு எதிரான சட்டம் உள்ள மாநிலங்களுக்கு மாநிலப் பணத்தில் பயணம் செய்யக்கூடாது என்று 2017 முதல் அது விதித்த தடையின் முதல் பட்டியலிலேயே கேன்சஸ் இருந்தது. 2019இல் மாநாடு நடந்ததோ கேன்சஸின் விச்சிடாவில். எங்களுக்குத் தோள்கொடுக்க எழுதிய சட்டம், எங்கள் மாநாட்டுக்கு வருகிறவரின் பயணச் செலவையே மறித்தது. 2023இல் கலிஃபோர்னியா அந்தத் தடையை நீக்கிக்கொண்டது. நீக்கியது நல்லதே என்பது என் கட்சி. விச்சிடாவில் படிக்கும் மாணவர் சிகாகோவுக்குப் பேருந்துச் சீட்டு வாங்குவதைவிட மாநாடு விச்சிடாவுக்குப் போவது மேல்.

எங்கள் விண்ணப்பம் தேர்வாகவில்லை. வென்ற வளாகத்தின் கோப்பை நான் பார்த்தேன். எங்களுடையதைப் போல வண்ணப் படங்கள் இல்லை, கட்டுரை நடையும் சுமார்தான். ஆனால் நகர மாநாட்டு மையத்தின் ஒப்புதல், விடுதியின் விலைப்பட்டியல், பற்றாக்குறைக்கு உத்தரவாதம் தரும் நிர்வாகக் கடிதம் என்று ஒவ்வொன்றிலும் தேதியோடு கையெழுத்து இருந்தது. எடைபோட்டவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போன்ற மாணவர்களே; அவர்கள் அந்த வளாகத்துக்கு வாக்களித்ததில் தவறே இல்லை. நானாக இருந்தாலும் அதற்குத்தான் போட்டிருப்பேன்.

இப்போது விண்ணப்பம் எழுத உட்காரும் மாணவரின் நிலை எங்களுடையதைவிடச் சிக்கலானது. அரசுப் பல்கலைக்கழகங்களின் பன்மைத்துவ அலுவலகங்களை மூடச்செய்யும் சட்டங்கள் டெக்சாசில் 2024இலும், அயோவாவிலும் ஒஹையோவிலும் 2025இலும் நடைமுறைக்கு வந்தன. ஏம்ஸ் இருக்கும் அயோவா, 2007இல் தன் குடிமை உரிமைச் சட்டத்தில் சேர்த்த பாலின அடையாளப் பாதுகாப்பை 2025இல் நீக்கியும்விட்டது. பெருமை பொங்கும் கடிதமாவது தரக்கூடிய பன்மைத்துவ அலுவலர்களின் நாற்காலிகளே அங்கு இல்லை. ஆனால் டெக்சாஸ் சட்டம்கூட அங்கீகாரம் பெற்ற மாணவர் அமைப்புகளின் நிகழ்ச்சிகளையும் குறுகிய காலத்துக்கு வரும் விருந்தினர் பேச்சாளர்களையும் தடையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. மாணவர் கட்டணத்தைக் கருத்துப் பார்த்து மறுக்கக்கூடாது என்ற பழைய தீர்ப்புகளும் அப்படியே நிற்கின்றன. ஆகவே அரங்குகளை மாணவர் அமைப்பின் பெயரிலேயே பதிவுசெய்து, விடுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட வளாகத்துக்கு வெளியே ஒரு லாப நோக்கற்ற அமைப்பைத் தேடிக்கொள்வது இப்போதைக்கு நடக்கக்கூடிய வழி. அப்படி வெளியமைப்பு ஒன்று நுழைந்தால் நிகழ்ச்சி அலுவலகம் அதனிடம் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்கும். அதைப் பெற வாரங்கள் ஆகும் என்பதால் பேச்சாளர் பட்டியலுக்கு முன்பே அந்தத் தாளுக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது.